கோண்டு ஓவியம்: அந்த மான் யாருடையது? ஜங்கர் சிங் ஷ்யாமின் கதை

கடலூரில் ஆன்லைனில் குர்தா ஆர்டர் செய்பவர்களும் சரி, சிதம்பரத்தில் புது வீட்டு ஹாலில் மாட்ட ஒரு படம் தேடுபவர்களும் சரி, இதை ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள். ஒரு மான் நிற்கும். அதன் கொம்பு மேலே போகப் போக மரமாகிவிடும். கிளைகளில் பறவைகள். மானின் உடம்பு முழுக்கப் புள்ளி, குட்டிக் குட்டிக் கோடு, பிறை வடிவம். கீழே விவரத்தில் கோண்டு ஆர்ட் என்று போட்டிருக்கும். கூடவே பல்லாயிரம் ஆண்டு பழமையான பழங்குடி ஓவியம் என்றும் ஒரு வரி இருக்கும்.

அந்தக் கடைசி வரியில்தான் சிக்கல். கோண்டு மக்கள் பழமையானவர்கள், அதில் சந்தேகமே இல்ல. வீட்டுத் தரையிலும் சுவரிலும் மண்ணால் கோலம் போடுவதும் அவர்களிடம் ரொம்பப் பழைய வழக்கம். ஆனா காகிதத்திலும் துணியிலும் இன்று நாம் பார்க்கிற அந்த மான், அந்தப் புள்ளி, அந்த நிறம், இவற்றின் வயது நாற்பது சொச்சம்தான். யாரோ பெயர் தெரியாத முன்னோர் வரைந்தது அல்ல அது. தொடங்கியவருக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, போபாலில் ஒரு வீடும் இருந்தது. அவர் ஜங்கர் சிங் ஷ்யாம். 2001ல் ஜப்பானில் இறந்தபோது அவருக்கு வயது சுமார் நாற்பது.

யார் இந்த ஜங்கர்?

மத்தியப் பிரதேசத்தில் நர்மதை ஆற்றின் மேற்பகுதியில், மைக்கல் மலைத்தொடரை ஒட்டிய பக்கத்தில் இருக்கிறது பட்டன்கட் கிராமம். அப்போது மண்ட்லா மாவட்டம். 1998க்குப் பிறகு திண்டோரி மாவட்டம். 1960களின் தொடக்கத்தில் அங்கே ஒரு ஏழைக் குடும்பத்தில் ஜங்கர் பிறந்தார். பிறந்த ஆண்டை 1960 என்றும் 1961 என்றும் 1962 என்றும் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்த சமயத்தில் பிறந்ததால்தான் அந்தப் பெயர் வந்தது என்பது ஊரில் சொல்லும் கதை. இந்தியில் கணக்கெடுப்புக்கு ஜனகணனா என்று பெயர். அது பேச்சில் மருவி ஜங்கர் ஆனதாம். கணக்கெடுப்பு அதிகாரி தன் பதிவேட்டில் ஒரு எண்ணாக எழுதிக்கொண்டு போன குழந்தை என்று வைத்துக்கொள்ளலாம்.

பட்டன்கட் முற்றிலும் யாருக்கும் தெரியாத ஊர் இல்ல. இங்கிலாந்தில் பிறந்து இந்தியராகவே மாறிப்போன மானுடவியலாளர் வெரியர் எல்வின் 1940களில் இந்த ஊரில் வாழ்ந்திருக்கிறார். பின்னாளில் அவர் மணந்த லீலாவும் இந்த ஊர்க்காரர்தான். எல்வினின் நண்பர் ஷாம்ராவ் ஹிவாலே 1946ல் இந்தச் சமூகத்தைப் பற்றியே தனியாக ஒரு புத்தகம் எழுதினார். ஆக, ஆய்வாளர்கள் இந்த ஊரைப் பார்த்துவிட்டார்கள். ஊருக்குள் இருந்து ஒருவர் வெளியே வந்து தன் உலகத்தைத் தானே காட்ட இன்னும் முப்பது சொச்சம் வருடம் ஆனது.

ஜங்கரின் பள்ளிப்படிப்பு வறுமையால் பாதியில் நின்றது. எருமை மேய்த்தார், பால் விற்றார், கூலி வேலைக்குப் போனார். பதின்வயதிலேயே பக்கத்து ஊர்ப் பெண் நன்குசியாவுடன் கல்யாணம் நடந்தது. இதில் தனியாகச் சொல்ல ஒன்றுமில்ல. அந்தப் பக்கத்து இளைஞர்கள் பலருக்கும் அப்போது வாழ்க்கை இப்படித்தான் இருந்தது.

பாடகர்களின் சாதி

இவரைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். கோண்டு என்பது ஒரே மாதிரியான ஒரு கூட்டம் அல்ல. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள், பல மாநிலங்கள், பல பிரிவுகள். கோண்டி மொழி நம்ம திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழுக்கு அது தூரத்துச் சொந்தம். ஆனா பட்டன்கட் பக்கத்தில் பேச்சு பெரும்பாலும் இந்தியின் வட்டார வழக்காக மாறிவிட்டது.

ஜங்கர் பிறந்தது இதில் பர்தான் என்னும் பிரிவில். இவர்கள் பாடகர்கள். பானா என்கிற மூன்று நரம்பு வாத்தியத்தை வில்லால் இழைத்துக்கொண்டு கோண்டுக் குடும்பங்களின் வம்சக் கதையையும், அரசர் கதையையும், பெரிய தெய்வமான படா தேவின் கதையையும் பாடுவார்கள். கோண்டுச் சகோதரர்கள் ஏழு பேர், அதில் கடைசித் தம்பிதான் முதல் பர்தான், அவன்தான் பானாவை உருவாக்கினான் என்பது அவர்கள் சொல்லும் தோற்றக் கதை. படா தேவ் குடியிருப்பது சாஜா மரத்தில். நம்ம ஊரில் கருமருது என்று சொல்வோமே, அதுதான். மரத்தடியில் பானா வாசித்தால்தான் தெய்வம் எழும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பர்தான் தன் புரவலர் வீடுகளுக்குப் போய்ப் பாடுவார். அவர்கள் தானியமோ துணியோ மாடோ கொடுப்பார்கள்.

கடலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இது புரியாத விஷயமே அல்ல. பழைய தென்னாற்காடு மாவட்டம் முழுக்கத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் நாள்கணக்கில் பாரதம் சொல்லி, கூத்து ஆடி, அதற்குப் பிறகுதான் தீமிதி. கதையைப் பாடுகிறவர் இல்லாவிட்டால் சாமிக்குத் திருவிழாவே கிடையாது. பர்தான்களின் இடமும் அப்படிப்பட்டதுதான். என்ன வித்தியாசம் என்றால், புரவலர்களான கோண்டுக் குடும்பங்களே நிலமும் காடும் இழந்து வறுமைக்குப் போனபோது பாட்டுக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. பானா பல வீடுகளில் சும்மா தொங்க ஆரம்பித்தது. ஜங்கரின் தலைமுறை வளர்ந்தது இந்த நேரத்தில்தான்.

1981: சுவரில் இருந்த படம்

இந்த இடத்தில் கதைக்குள் வருகிறார் ஒரு தமிழர். ஓவியர் ஜெகதீஷ் சுவாமிநாதன். 1928ல் சிம்லாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர், பத்திரிகையில் வேலை பார்த்தவர், குரூப் 1890 என்ற ஓவியர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1963ல் டெல்லியில் அந்தக் குழு நடத்திய கண்காட்சிக்கு முன்னுரை எழுதியவர், பிறகு நோபல் பரிசு வாங்கிய மெக்சிகோ கவிஞர் ஒக்தாவியோ பாஸ். தமிழ்நாட்டில் இவர் பெயர் ஓவிய வட்டத்துக்கு வெளியே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை என்பது ஒரு வருத்தம்தான்.

போபாலில் பாரத் பவன் என்ற பெரிய கலை மையத்தை மத்தியப் பிரதேச அரசு கட்டிக்கொண்டிருந்தது. கட்டடம் சார்லஸ் கொரியாவின் வடிவமைப்பு. அதில் ரூபங்கர் என்ற கலை அருங்காட்சியகம் சுவாமிநாதனின் பொறுப்பு. அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. நகரத்து ஓவியர் வரைந்தது நவீன கலை, பழங்குடி வரைந்தது பழைய பொருள் என்று பிரிக்கக் கூடாது. இருவரும் இன்றைக்கு வாழ்கிறார்கள், இன்றைக்கு வரைகிறார்கள், ஆகவே இரண்டுமே சமகாலக் கலை, ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்றார். இப்போது கேட்டால் சாதாரணமாகத் தெரியும். அப்போது பழங்குடிகள் செய்த பொருட்களுக்கு இடம் மானுடவியல் காட்சிக்கூடத்தில்தான். செய்தவர் பெயர் இருக்காது. எந்த இனம், எந்த மாவட்டம் என்று மட்டும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்.

இளம் ஓவியர்களையும் மாணவர்களையும் குழு குழுவாகக் கிராமங்களுக்கு அனுப்பினார் சுவாமிநாதன். அப்படி ஒரு குழு 1981ல் பட்டன்கட் போனது. அங்கே ஒரு வீட்டுச் சுவரில் இருந்த ஓவியம் கண்ணில் பட்டது. வரைந்தது யார் என்று விசாரித்தார்கள். இருபது வயது இளைஞர் ஒருவரைக் காட்டினார்கள். அவரிடம் காகிதமும் போஸ்டர் கலரும் கொடுக்கப்பட்டன.

அதுவரை அந்தக் கை பழகியது வெள்ளை மண், காவி, கரி, சாணம் என்று மண்ணிலிருந்து வரும் நிறங்களோடு. கோண்டுப் பெண்கள் வீட்டுத் தரையிலும் சுவரிலும் டிக்னா என்று ஒரு கோலம் போடுவார்கள். அதற்கும் இதே நிறங்கள்தான். திடீரென்று பளீர் நீலம், பளீர் மஞ்சள், பச்சை. முதன்முதலாக அந்த நிறங்களைத் தொட்டபோது உடம்பே அதிர்ந்துபோனது என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

சுவாமிநாதன் அவரைப் போபாலுக்கு அழைத்தார். 1982 பிப்ரவரியில் பிரதமர் இந்திரா காந்தி பாரத் பவனைத் திறந்து வைத்தபோது ஜங்கரின் ஓவியங்களும் அங்கே இருந்தன. அதே பாரத் பவனின் அச்சு ஓவியப் பட்டறையில் அவருக்கு வேலையும் கிடைத்தது. நன்குசியாவும் போபால் வந்து சேர்ந்தார்.

உருவம் இல்லாத சாமிக்கு உருவம்

ஜங்கர் போபாலில் முதலில் வரைந்தவற்றில் முக்கியமானவை அவர்களுடைய தெய்வங்கள். படா தேவ், தாக்கூர் தேவ், மெஹ்ரலின் மாதா என்று வரிசையாக. இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். விஷயம் இருக்கிறது. இந்தத் தெய்வங்களுக்கு அதுவரை முகம் கிடையாது. மரத்தில், மேட்டில், வீட்டு மூலையில், சாமி வந்து ஆடுபவரின் உடம்பில் இருந்த தெய்வங்கள் அவை. சிலையோ படமோ வைத்துக் கும்பிடும் வழக்கம் இல்ல. பாட்டில்தான் அவர்களுக்கு உருவம்.

சிதம்பரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஒரே கோயிலில் ஒரு பக்கம் நடராஜரின் செம்புத் திருமேனி. பக்கத்திலேயே திரையை விலக்கினால் தங்க வில்வமாலை தொங்கும் வெற்றிடம். உருவமும் அருவமும் அருகருகே இருப்பது அந்த ஊரில் தினசரிக் காட்சி. ஆனா அந்த உருவத்துக்குப் பின்னால் எத்தனையோ தலைமுறைச் சிற்பிகளின் அளவும் இலக்கணமும் இருக்கின்றன. ஜங்கருக்கு முன்னால் அப்படி எதுவும் இல்லை. இருந்தது பாட்டு மட்டும்தான். பாட்டில் கேட்டதை வைத்து, இந்தச் சாமிக்கு எத்தனை கை, கண் எப்படி இருக்கும், உடம்பின் ஓரத்தில் என்ன வரும் என்று அந்த இளைஞர் தனியாக முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதுவும் பூசாரி அல்லாத ஒருவர், நகரத்தில் உட்கார்ந்து, காகிதத்தில். சமூகத்துக்குள் இது சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடிய காரியம் அல்ல.

அவர் வரைந்த தெய்வங்களைப் பார்த்தால் முகத்தைவிட உடம்பின் விளிம்புதான் முதலில் கண்ணில் படும். சீப்புப் பல் மாதிரி கோடுகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே புள்ளிகள் அலை அலையாக ஓடும். சாமி வந்த உடம்பு நடுங்குவதைப் போல அது தெரிகிறது. புலி, முதலை, நண்டு, பாம்பு, ஆந்தை, சிலந்தி எல்லாம் பிறகு வந்தன. விமானம்கூட வந்தது.

அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன?

கோண்டு ஓவியம் என்றதும் எல்லோரும் கேட்பது இதுதான். நம்ம ஊர் மார்கழிக் கோலத்தோடு ஒப்பிடுபவர்களும் உண்டு. சிதம்பரம் தேரோடும் வீதிகளில் ஆருத்ரா தரிசனத்துக்கு முன்னால் போடும் கோலத்தைப் பாருங்கள். அங்கே புள்ளி என்பது கணக்கு. முதலில் புள்ளி வைத்து, அதைச் சுற்றிக் கோடு இழுக்கணும். புள்ளி தப்பினால் கோலம் தப்பும். ஜங்கரிடம் வரிசை தலைகீழ். முதலில் உருவத்தின் வெளிக்கோடு. அதன்பின் உள்ளே தட்டையாக ஒரு நிறம். கடைசியில்தான் அதன்மேல் புள்ளியும் கோடும். அவை உருவத்தைத் தாங்கும் எலும்பு அல்ல, மேலே ஓடும் உயிர்.

கோண்டு, பைகா பெண்கள் உடம்பில் குத்திக்கொள்ளும் பச்சையிலிருந்து வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். கவிஞர் உதயன் வாஜ்பாய் வேறு மாதிரி பார்த்தார். பானாவில் இழைந்த ஸ்வரங்கள்தான் காகிதத்தில் புள்ளியாக மாறின, பாட்டு நின்ற இடத்தில் ஓவியம் தொடங்கியது என்பது அவர் கருத்து. ராஜஸ்தானிலும் பஹாடியிலும் ஓவியப் பள்ளிகளை கலம் என்று சொல்வார்கள். அந்த வழக்கத்தில் இந்தப் பாணிக்கு ஜங்கர் கலம் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். ஒரு பழங்குடி மனிதரின் பெயரில் ஒரு ஓவியப் பள்ளி. கடையில் கோண்டு ஆர்ட் என்று பொதுவாக விற்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் கொஞ்சநஞ்சம் அல்ல.

ஆஸ்திரேலியாவிலும் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. 1971ல் பாப்புன்யா என்ற பாலைவனக் குடியிருப்பில், அதுவரை மணலிலும் உடம்பிலும் மட்டும் வரைந்துவந்த அபோரிஜின் பெரியவர்கள் பலகையில் வரையத் தொடங்கினார்கள். அங்கும் புள்ளிகள்தான். அங்கும் புனிதமானதை வெளியாட்களுக்கு எவ்வளவு காட்டலாம் என்ற கேள்வி எழுந்தது. இந்தியாவில் அந்தக் கேள்வி பெரிய விவாதமாகவே ஆகவில்லை.

பாரிஸ், பிறகு சட்டப்பேரவை

1986ல் மத்தியப் பிரதேச அரசு ஜங்கருக்கு ஷிகர் சம்மான் விருது வழங்கியது. அடுத்து 1989. பாரிஸின் பாம்பிடூ மையத்தில் பூமியின் மந்திரவாதிகள் என்ற தலைப்பில் ஒரு கண்காட்சி. உலகெங்கிலும் இருந்து நூறுக்கும் மேற்பட்ட கலைஞர்கள். பாதிப் பேர் மேற்கத்திய நாடுகள், மீதிப் பாதி உலகின் மற்ற பகுதிகள் என்பது கண்காட்சியின் கணக்கு. இந்தியாவிலிருந்து போனவர்களில் ஜங்கரும் உண்டு. மகாராஷ்டிராவின் வார்லி ஓவியர் ஜிவ்யா சோமா மாஷே, பிகாரின் மதுபனி ஓவியர் பௌவா தேவி ஆகியோரும் அதில் இடம்பெற்றார்கள். பால் விற்றுக்கொண்டிருந்தவர் எட்டே வருடத்தில் பாரிஸ் சுவரில் வரைந்துகொண்டிருந்தார்.

போபாலில் சார்லஸ் கொரியா வடிவமைத்த புதிய சட்டப்பேரவைக் கட்டடத்திலும் ஜங்கர் பெரிய சுவரோவியங்கள் செய்தார். 1996ல் அந்தக் கட்டடம் பயன்பாட்டுக்கு வந்தது. மாநிலத்தின் சட்டங்கள் போடும் இடத்துச் சுவரில் ஒரு பர்தானின் விலங்குகள். 1998ல் டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஜோதீந்திர ஜெயின் நடத்திய கண்காட்சியில் ஐந்து கலைஞர்களில் ஒருவராக ஜங்கர் இடம்பிடித்தார். நாட்டுப்புற, பழங்குடிக் கலைஞர்களைக் கூட்டமாகக் காட்டாமல் தனித்தனி மேதைகளாகக் காட்டியது அந்தக் கண்காட்சி.

ஒரு வீடு, பல ஓவியர்கள்

இதுவரை சொன்னது ஒரு தனி மனிதரின் வளர்ச்சி. ஜங்கரின் பெயர் நிலைத்ததற்கு அது மட்டும் காரணம் அல்ல.

போபாலின் புரொபசர்ஸ் காலனியில் இருந்த அவர் வீட்டுக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். வேலை தேடி நகரத்துக்கு வந்தவர்கள், வேறு போக்கிடம் இல்லாதவர்கள். ஜங்கர் அவர்களுக்குச் சோறு போட்டார், கூடவே கையில் பிரஷ்ஷையும் கொடுத்தார். முதலில் அவர் வரைந்த உருவத்துக்குள் புள்ளி வைப்பது, நிறம் நிரப்புவது. பிறகு நீ தனியா வரை என்று விட்டுவிடுவது. நம்ம ஊர் ஸ்தபதி பட்டறையில் நடப்பது போலத்தான். ஆனா ஒன்று வேறு. புள்ளியை ஒவ்வொருவரும் தன் மாதிரி வைக்க வேண்டும். அவர் புள்ளியை அப்படியே எடுக்கக் கூடாது. அதனால் இன்று கோண்டு ஓவியம் தெரிந்தவர்கள் உள்ளே நிரப்பியிருக்கும் வடிவத்தைப் பார்த்தே வரைந்தவர் யாரென்று சொல்லிவிடுவார்கள். அது கிட்டத்தட்டக் கையெழுத்து.

அண்ணன் மகன் முறை உள்ள பஜ்ஜு ஷ்யாம் போபாலில் இரவுக் காவலாளியாக இருந்தவர். வெங்கட் ராமன் சிங் ஷ்யாம் டெல்லியில் சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தவர். துர்கா பாய் வியாம், சுபாஷ் வியாம், ராம் சிங் உர்வேதி, ஆனந்த் ஷ்யாம், கலாபாய் ஷ்யாம் என்று பட்டியல் நீளும். பெண்களும் இதில் சம அளவில் இருந்தது கவனிக்க வேண்டியது. டிக்னா போட்டுப் பழகிய கைகள் அவை. நன்குசியாவும் தன் பெயரிலேயே ஓவியர் ஆனார்.

1990ல் சுவாமிநாதன் பாரத் பவனை விட்டு வெளியேறினார். 1994ல் இறந்தும்விட்டார். அதற்குப் பிறகு ஜங்கருக்குப் பின்னால் நிற்க அந்த அளவுக்குச் செல்வாக்கான ஒருவர் இல்லை. வீட்டில் ஒரு பெரிய குடும்பம், அதைச் சுற்றி இன்னும் பெரிய குடும்பம், எல்லாம் அவர் வருமானத்தை நம்பி.

2001, ஜப்பான்

ஜப்பான் அவருக்குப் புதிது அல்ல. 1988ல் பிறந்த மகளுக்கு ஜப்பானி என்றே பெயர். அந்தச் சமயத்தில் அவர் ஜப்பான் பயணத்தில் இருந்ததால் வந்த பெயர் அது.

நீகாட்டா மாகாணத்தில் தோகாமாச்சி என்ற பனிப்பிரதேச ஊரில் மிதிலா மியூசியம் இருக்கிறது. பழைய பள்ளிக்கூடம் ஒன்றில் இந்திய நாட்டுப்புற, பழங்குடி ஓவியங்களைச் சேர்த்து வைத்திருக்கும் இடம். இந்தியக் கலைஞர்கள் அங்கே மாதக்கணக்கில் தங்கி வரைவார்கள். ஜங்கர் 1999ல் போய்வந்தார். 2001ல் மறுபடியும் போனார். இந்த முறை திட்டமிட்டதைவிடத் தங்கல் நீண்டது. அவர் ஊருக்குத் திரும்ப விரும்பினார் என்பது வீட்டுக்கு அவர் எழுதியவற்றிலிருந்து தெரியவந்தது. ஜூலை மாதத் தொடக்கத்தில், அங்கே அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

செய்தி வந்ததும் இந்தியாவில் ஓவியர்களும் எழுத்தாளர்களும் கொதித்தார்கள். விசா ஏன் நீட்டிக்கப்பட்டது, மாதம் எவ்வளவு கொடுத்தார்கள், அவர் மனநிலை யாருக்காவது தெரிந்திருந்ததா, தூதரகம் என்ன செய்தது என்று கேள்விகள் எழுந்தன. விசாரணை கேட்டு அறிக்கைகள் வந்தன. ஒரு மனிதர் ஏன் அந்த முடிவுக்குப் போனார் என்பதை ஒற்றைக் காரணத்தில் அடக்க முடியாது, அடக்கவும் கூடாது. ஆனா இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாரிஸ் வரை போன ஒரு கலைஞர், பேச்சுத் துணை இல்லாத தூர ஊரில், மாதச் சம்பளக் கணக்கில் படம் வரைந்துகொண்டிருந்தார். ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லவோ, நடுவில் நின்று பேசவோ அவருக்கு ஒரு ஆள் இல்லை. நகரத்துப் பெரிய ஓவியர் ஒருவருக்கு அந்த நிலைமை வந்திருக்குமா என்ற கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அதன் பிறகு 2010ல் நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில் ஜங்கர் 1988ல் வரைந்த சிலந்தி ஓவியம் ஒன்று 31,000 டாலருக்கும் மேல் விலை போனது. அந்த விலையைப் பார்க்க அவர் இல்லை.

சென்னையில் அச்சான காடு

ஜங்கர் போனதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தவர்கள் உண்டு. நடந்தது வேறு. அதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு இருக்கிறது.

2002ல் பஜ்ஜு ஷ்யாம் ஒரு உணவகத்தின் சுவரில் வரைய லண்டன் போனார். திரும்பி வந்து, தான் பார்த்த லண்டனை வரைந்தார். விமானம் பறக்கும் யானையாக வந்தது. சுரங்க ரயில் மண்ணுக்குள் போகும் புழுவாக, 30ம் எண் பேருந்து விசுவாசமான நாயாக மாறின. பிக் பென் கடிகாரம் சேவலானது. காலம் சொல்வது இரண்டும்தானே. சென்னையின் தாரா புக்ஸ் 2004ல் இதைப் புத்தகமாக்கியது. நூறு வருடமாக வெள்ளைக்காரர்கள் காட்டைப் பார்த்து எழுதினார்கள், இங்கே காட்டிலிருந்து வந்தவர் லண்டனைப் பார்த்து வரைந்தார். அடுத்து பஜ்ஜு, துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்த மரங்களின் புத்தகம். கறுப்புத் தாளில், சென்னையில் கையாலேயே ஸ்கிரீன் பிரின்ட் செய்யப்பட்டது. 2008ல் இத்தாலியின் போலோன்யா புத்தகக் கண்காட்சியில் அதற்கு விருது கிடைத்தது.

2011ல் வந்த ‘பீமாயணா’ இன்னும் ஒரு படி மேல். அம்பேத்கரின் வாழ்க்கையைத் துர்கா பாயும் சுபாஷ் வியாமும் படக்கதையாக வரைந்தார்கள். வழக்கமான காமிக்ஸ் மாதிரி கட்டம் கட்டமாக அடைக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. டிக்னா கோலத்தின் கோடுகளாலேயே பக்கத்தைப் பிரித்தார்கள். தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவனின் கதையில் மீன்களும் குழாய்களும் பேசும் உயிர்களாக வருகின்றன. 2018ல் பஜ்ஜுவுக்கும் 2022ல் துர்கா பாய்க்கும் பத்மஸ்ரீ.

கடலூரிலிருந்து பார்த்தால்

பழைய தென்னாற்காட்டின் கீழ்வாலையில் பாறையில் சிவப்பு நிறத்தில் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. சிதம்பரம் சிவகாமி அம்மன் சந்நிதி மண்டபத்தின் விதானத்தில் பிட்சாடனரையும் மோகினியையும் பார்த்து மயங்கி நிற்கும் கூட்டம் நாயக்கர் காலத்திலிருந்து அப்படியே நிற்கிறது. அண்ணாந்து பார்ப்பவர்கள் கதையைக் கேட்கிறார்கள். வரைந்தவர் பெயரை யாரும் கேட்பதில்லை. நம் ஊரில் ஓவியர் என்றாலே இப்படித்தான் ஒரு பழக்கம்.

பிச்சாவரம், கிள்ளைப் பக்கத்தில் இருளர் குடியிருப்புகள் உள்ளன. சதுப்பு நீரில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிப்பார்கள். அலையாத்திக் காட்டின் ஒவ்வொரு வாய்க்காலும் அவர்களுக்கு அத்துப்படி. கடலூர் மாவட்டச் செய்திகளில் பழங்குடி என்ற சொல் எப்போது வருகிறது என்று பார்த்தால், சாதிச் சான்றிதழ், பட்டா, காவல் நிலையம், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அவர்கள் தங்கள் காட்டை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது செய்தி ஆவதில்லை. நீலகிரியில் ஆலு குறும்பர்கள் தங்கள் ஓவியத்தைத் துணிக்கும் காகிதத்துக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் வரைபவர்கள் கைவிட்டு எண்ணும் அளவுதான். பட்டன்கட்டில் நடந்ததற்குத் திறமை மட்டும் போதவில்லை. தேடிப்போன ஒரு அமைப்பு, சீட்டில் பெயர் எழுதிய ஒரு அருங்காட்சியகம், மாதச் சம்பளம், நகரத்தில் ஒரு வீடு, எல்லாம் சேர்ந்துதான் அது நடந்தது.

2023ல் கோண்டு ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இருந்தாலும் ஆன்லைன் கடைகளில் மெஷின் பிரின்ட் குர்தாக்கள் நிற்கவில்லை. எங்கோ ஒரு டிசைனர் இணையத்திலிருந்து எடுத்துத் திருப்பிப் போட்ட மானாக அது இருக்கலாம். உண்மையான கோண்டு ஓவியம் வாங்க நினைப்பவர்கள் ஒன்று மட்டும் செய்தால் போதும். மூலையில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கணும். ஜங்கர் கலம் ஓவியர்கள் கையெழுத்துப் போடுவார்கள். அது சுவாமிநாதன் காலத்திலிருந்து வந்த பழக்கம்.

பட்டன்கட்டில் இப்போது வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் வரைகிறார்கள். ஜங்கரின் மகன் மயங்க் போபாலில் ஓவியர். ஜப்பானியும் அப்படித்தான். அப்பாவின் பளீர் நிறங்களை அவர் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளவில்லை. கறுப்புத் தளத்தில் வெள்ளைக் கோடுகளாக விலங்குகளையும் மரங்களையும் வரைகிறார். உள்ளே நிரப்பும் புள்ளி அவருடைய சொந்தப் புள்ளி.